பிடங்கு பூட்டிய கைத்துப்பாக்கி: ஒரு துண்டு மரமும் நான்கு தலைமுறைச் சட்டமும்

யாழ்ப்பாணத்திலோ கிளிநொச்சியிலோ கைத்தொலைபேசியில் பப்ஜி விளையாடும் ஒரு பதினாறு வயதுப் பையனிடம் கேட்டுப் பாருங்கள். மைக்ரோ ஊசிக்கு ஒரு 'ஸ்டொக்' கிடைத்தால் என்ன நடக்கும் என்று உடனே சொல்வான். குலுக்கல் குறையும், குறி நிற்கும். விளையாட்டில் அது ஓடிப்போய்ப் பொறுக்கி எடுக்கும் ஒரு துணைப்பொருள். ஐக்கிய அமெரிக்காவில் அதே பொருளை உண்மையான கைத்துப்பாக்கியில் பதிவு செய்யாமல் பூட்டினால், பத்து ஆண்டுகள் வரை சிறை. அதே துப்பாக்கிக்கு நீளமான குழல் ஒன்றை முதலில் பூட்டிவிட்டு அதன்பின் அந்தப் பொருளைப் பூட்டினால், கூட்டாட்சிச் சட்டத்தில் குற்றம் எதுவுமில்லை.

இந்த முரண் எப்படி வந்தது என்று தேடத் தொடங்கியதில் உருவானதுதான் இக்கட்டுரை. துப்பாக்கி செய்யும் முறை இதில் இல்லை. இலக்குச் சூட்டு விளையாட்டுக்காகக் கைத்துப்பாக்கியைக் கார்பைனாக மாற்றுவது என்றால் என்ன, ஏன் மாற்றுகிறார்கள், சட்டங்கள் ஏன் அந்த இடத்தில் கோடு கிழித்தன என்பதே விடயம்.

முதலில் சொற்கள். தோளில் அண்டக் கொடுக்கும் பின்பகுதியை நமது வழக்கில் பிடங்கு என்போம். எனது தலைமுறையில் பலருக்கு அந்தச் சொல் 'அடி' என்ற சொல்லோடு சேர்ந்தே அறிமுகமானது. "துப்பாக்கிப் பிடங்கால் தாக்கப்பட்டார்" என்ற வரி இல்லாத நாளிதழை நான் சிறுவயதில் வாசித்த நினைவில்லை. குறி பார்ப்பதற்கான ஓர் உறுப்பு அது என்பதை மிகப் பிந்தித்தான் யோசித்தேன். கார்பைன் என்பது குறுகிய குழல் கொண்ட, தோளில் வைத்துச் சுடும் நீள்துப்பாக்கி. குதிரைப் படையினருக்காக வந்த வடிவம். கைத்துப்பாக்கியின் ரவையையே பயன்படுத்தும் கார்பைன்கள் இன்று தனி வகையாகவே அறியப்படுகின்றன.

ஒரு மில்லிமீற்றரின் கணக்கு

கைத்துப்பாக்கியால் குறி தவறுவதற்குப் பெரும்பாலும் துப்பாக்கி காரணமல்ல. பிடித்திருக்கும் கைதான் காரணம். முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையிலான தூரம் ஒரு சாதாரண கைத்துப்பாக்கியில் ஏறத்தாழ 16 சென்ரிமீற்றர். கை நடுங்கி, இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று ஒரேயொரு மில்லிமீற்றர் விலகியதாக வைத்துக்கொள்வோம். 25 மீற்றர் தொலைவில் ரவை 156 மில்லிமீற்றர் தள்ளிப் போய் விழும். குறிகளுக்கு இடையிலான தூரம் 40 சென்ரிமீற்றரானால் அதே ஒரு மில்லிமீற்றர் தவறு 62 மில்லிமீற்றராகச் சுருங்கிவிடும்.

சர்வதேசப் போட்டிகளின் 25 மீற்றர் கைத்துப்பாக்கி இலக்குத் தாளில் பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் 50 மில்லிமீற்றர். ஒவ்வொரு வளையமும் அதைவிட 50 மில்லிமீற்றர் பெரிது. ஆக முதலாமவருக்கு நான்கு புள்ளி, இரண்டாமவருக்கு எட்டுப் புள்ளி. இருவரும் விட்டது ஒரே அளவு தவறு.

இதற்கு மேலே பிடங்கு தரும் உறுதி இருக்கிறது. இரண்டு கைகளில் மட்டும் தொங்கிய பொருளுக்கு இப்போது தோளும் கன்னமும் சேர்ந்து நான்கு தாங்குமிடங்கள். எடை கூடுவதால் பின்னுதைப்பும் குறைகிறது. குழலும் நீண்டால் வெடிமருந்துப் புகை ரவையைத் தள்ளுவதற்குக் கூடுதல் இடம் கிடைத்து வேகம் கொஞ்சம் ஏறும். ஆனால் இலக்குத் தாளைச் சுடுபவருக்கு வேகம் பெரிய பொருட்டல்ல. மூட்டுவலிக்காரர், கைநடுக்கம் உள்ள முதியவர், முதன்முறை பழகும் சிறிய உடல்வாகு உள்ளவர் ஆகியோருக்குப் பிடங்கு தரும் உறுதிதான் பெரிது.

மாற்றும் முறைகளில் இரண்டு பெரிய பிரிவுகள் உண்டு. ஒன்று, கைத்துப்பாக்கியை அப்படியே உள்ளே வைத்து மூடும் கூடு. இஸ்ரேலில் உருவான 'ரோனி' இதற்குப் பெயர் பெற்றது. குழல் பழைய குட்டைக் குழல்தான். வெளித்தோற்றமும் பிடியும் மட்டும் மாறும். மற்றது, கைத்துப்பாக்கியின் அடிப்பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு மேற்பகுதி முழுவதையும் 16 அங்குலத்துக்கு மேற்பட்ட குழலுடன் மாற்றுவது. பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியலாம். அமெரிக்கச் சட்டத்தின் கண்ணுக்கு முதலாவது கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்ட ஆயுதம், இரண்டாவது சாதாரண நீள்துப்பாக்கி.

ஒலிம்பிக் இலக்குச் சூட்டில் இவை எதற்கும் இடமில்லை. அங்கே கைத்துப்பாக்கியை ஒரே கையால் பிடித்துச் சுட வேண்டும் என்பது விதி. இந்த வகைக்கு இடம் கொடுத்தவை 'நடைமுறைச் சூட்டு' எனப்படும், ஓடி நகர்ந்து சுடும் போட்டிகள். அமெரிக்காவின் நடைமுறைச் சூட்டுச் சங்கம் 2016 இல் கைத்துப்பாக்கி ரவைக் கார்பைன்களுக்குத் தனிப் பிரிவு ஒன்றைத் திறந்தது.

பழைய ஆசை

இது இன்று நேற்று வந்த எண்ணம் அல்ல. 1850களிலேயே கோல்ட் நிறுவனத்தின் பெரிய ரிவோல்வர்களுக்குக் கழற்றிப் பூட்டும் பிடங்குகள் இருந்தன. 1896 இன் ஜேர்மன் மவுசர் கைத்துப்பாக்கியின் மர உறையே அதன் பிடங்கு. இடுப்பில் தொங்கும்போது உறை, கைப்பிடியின் பின்னால் பூட்டினால் பிடங்கு. அதன் பின்குறியில் 1000 மீற்றர் வரை எண்கள் பொறிக்கப்பட்டிருந்தன. அந்தத் தூரத்தில் ஒரு மனிதரைக் கைத்துப்பாக்கி ரவையால் குறிவைப்பது வெறும் நம்பிக்கை. ஆனால் விற்பனைக்கு உதவியிருக்கும். முதலாம் உலகப் போரில் ஜேர்மன் பீரங்கிப் படையினருக்கு 200 மில்லிமீற்றர் குழலும் பலகைப் பிடங்கும் கொண்ட லூகர் கைத்துப்பாக்கி வழங்கப்பட்டது. நத்தை வடிவிலான 32 ரவைக் கூடு ஒன்றும் அதற்கு இருந்தது.

இன்னொரு வழியில், துப்பாக்கியை மாற்றாமல் ரவையை ஒன்றாக்கினார்கள். 1873 இன் வின்செஸ்டர் நெம்புகோல் துப்பாக்கியும் பின்னர் அதே ரவைக்காகச் செய்யப்பட்ட கோல்ட் ரிவோல்வரும் ஒரே இடுப்புப்பட்டியிலிருந்து ரவை எடுத்துக்கொண்டன. இந்த நெம்புகோல் துப்பாக்கியை நினைவில் வைத்திருங்கள். கொஞ்ச நேரத்தில் அது இங்கிலாந்தில் திரும்பவும் தலைகாட்டும்.

1934: எதைக் கட்டுப்படுத்தப் போய் எது மிஞ்சியது

மதுவிலக்குக் காலத்துக் கும்பல் கொலைகளுக்குப் பிறகு அமெரிக்கக் கொங்கிரஸ் 1934 இல் தேசிய துப்பாக்கிச் சட்டத்தை எடுத்தது. ஆரம்ப வரைபில் கைத்துப்பாக்கிகளும் ரிவோல்வர்களும் இருந்தன. அப்படியிருந்தால் ஒரு சந்து தோன்றும்: நீள்துப்பாக்கியை வாங்கி, குழலை வெட்டி, கோட்டுக்குள் மறைத்துக்கொள்ளலாம். அந்தச் சந்தை அடைக்கவே குட்டைக் குழல் நீள்துப்பாக்கிகளும் பட்டியலில் வந்தன. எதிர்ப்புக் கிளம்பியதும் கைத்துப்பாக்கிகள் வரைபிலிருந்து நீக்கப்பட்டன. சந்தை அடைக்க வந்த விதி மட்டும் அப்படியே நின்றுவிட்டது. வீடு கட்டப்படவில்லை, ஆனால் வேலி நிற்கிறது.

விளைவு இன்றும் விசித்திரமானது. மறைத்து எடுத்துச் செல்ல இலகுவான சிறிய கைத்துப்பாக்கி பெரும்பாலான இடங்களில் சாதாரணமாக வாங்கக்கூடியது. அதற்கு ஒரு பிடங்கைப் பூட்டி, மறைக்கக் கடினமாக்கினால் அது 'குட்டைக் குழல் நீள்துப்பாக்கி'. விண்ணப்பம், கைரேகை, பதிவு, 2025 முடியும் வரை 200 டொலர் வரியும். 1934 இல் 200 டொலர் என்பது சாதாரண மனிதரை விலக்கி வைப்பதற்கான தொகை. பின்வந்த காலத்தில் பணவீக்கம் அதைச் சில்லறையாக்கிவிட்டது. குழலின் எல்லை முதலில் 18 அங்குலமாக இருந்து, நீள்துப்பாக்கிகளுக்கு 1960 இல் 16 அங்குலமாகக் குறைக்கப்பட்டது. 18 இல் இருந்த ஆபத்து 16 இல் இல்லாமல் போனதற்கு ஆயுதவியல் காரணம் ஒன்றைத் தேடுவது வீண்.

ஒரு பெட்டிக்குள் இருந்த வழக்கு

இங்கேதான் இலக்குச் சூட்டுக்காரர்களின் கதை நீதிமன்றத்துக்குள் போகிறது. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் தொம்சன் சென்ரர் ஆம்ஸ் என்ற நிறுவனம் 1967 முதல் 'கொன்ரெண்டர்' என்ற கைத்துப்பாக்கியைத் தயாரித்தது. ஒரு தடவைக்கு ஒரே ரவை. சுட்டபின் மடித்துத் திறந்து அடுத்ததைப் போட வேண்டும். குழல்களை மாற்றிப் பூட்டலாம் என்பதே அதன் கவர்ச்சி. கும்பல் சண்டைக்கு இதைவிடப் பொருத்தமற்ற ஆயுதத்தைக் கற்பனை செய்வது கடினம்.

1980களில் நிறுவனம் இதற்கு ஒரு மாற்றுத்தொகுதியை வெளியிட்டது. 21 அங்குலக் குழல், ஒரு பிடங்கு, மர முன்பிடி. எல்லாவற்றையும் பூட்டினால் முழு அளவு நீள்துப்பாக்கி, சட்டப்படி பிரச்சினையில்லை. ஆனால் வாங்கியவர் பிடங்கை மட்டும் எடுத்து, பழைய 10 அங்குலக் குழலோடு பூட்டினால்? அது குட்டைக் குழல் நீள்துப்பாக்கி. மது, புகையிலை, துப்பாக்கிகள் பணியகம் 1985 இல் நிறுவனத்துக்குத் தன் நிலைப்பாட்டைச் சொன்னது: கைத்துப்பாக்கியும் தொகுதியும் சேர்ந்து இருந்தாலே போதும், பூட்டியிருக்க வேண்டியதில்லை, அது பதிவு செய்யப்பட வேண்டிய ஆயுதம்.

நிறுவனம் செய்த வேலை எனக்குப் பிடித்தது. ஒரேயொரு துப்பாக்கிக்கு விண்ணப்பம் போட்டு, 200 டொலர் வரியையும் கட்டி, பிறகு அந்த 200 டொலரைத் திருப்பித் தா என்று அரசின் மீது வழக்குப் போட்டது. கீழ் நீதிமன்றம் மறுத்தது, மேன்முறையீட்டில் வென்றது, அரசு உச்ச நீதிமன்றம் போனது. 200 டொலருக்காக ஒன்பது நீதியரசர்களும் உட்கார்ந்தார்கள்.

1992 ஜூன் 8 இல் தீர்ப்பு வந்தது. ஐந்துக்கு நான்கு என்ற பிரிவில் நிறுவனம் வென்றது. பிரதான கருத்துரையை நீதியரசர் டேவிட் சவுற்றர் எழுதினார். அவரும் நியூ ஹாம்ப்ஷயர்காரர் என்பது தற்செயல். அவரது வாதத்தின் சாரம் இதுதான்: சில பாகங்களைச் சேர்த்தால் தடைசெய்யப்பட்ட ஆயுதம் மட்டுமே வரும், வேறு பயன் எதுவும் இல்லையென்றால், பூட்டாமல் பெட்டியில் இருந்தாலும் அது ஆயுதம் செய்ததாகவே கொள்ளப்படும். இங்கே அப்படியில்லை, அந்தப் பாகங்களால் சட்டபூர்வமான நீள்துப்பாக்கி ஒன்றையும் செய்யலாம். சட்டம் இந்த நிலைக்குத் தெளிவான விடை சொல்லவில்லை. வரிச் சட்டமானாலும் மீறினால் சிறை என்பதால், ஐயத்தின் பலன் குடிமகனுக்கே. அன்ரனின் ஸ்காலியாவும் கிளாரன்ஸ் தோமஸும் முடிவோடு உடன்பட்டு, காரணத்தை வேறு விதமாக எழுதினார்கள். மற்ற நால்வரும் மறுத்தார்கள்.

பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ், வீட்டிலிருந்த மின்கலமும் வயர்த் துண்டும் சான்றுப்பொருளான ஒரு நாட்டிலிருந்து இந்தத் தீர்ப்பை வாசித்தேன். பாகங்கள் பெட்டிக்குள் இருக்கும்போது மனிதரின் எண்ணத்தை யார் ஊகிப்பது என்ற கேள்வி துப்பாக்கிக் கழகங்களுக்கு மட்டும் உரியதல்ல. நீதிமன்றம் அதைச் சலிப்பூட்டும் அளவுக்கு நுணுக்கமாக ஆராய்ந்திருப்பதை, சலிக்காமல் கடைசிப் பக்கம் வரை படித்தேன்.

அதே கோட்டின் மறுபக்கமும் அதே ஆண்டில் தெரிந்தது. குழல் வெட்டிய இரண்டு சொட்கன்களை விற்றதாகக் குற்றம் சாட்டப்பட்டு நீதிமன்றம் வராத ஒருவரைப் பிடிக்க, 1992 ஓகஸ்டில் ஐடஹோ மாநிலத்தின் ரூபி ரிட்ஜ் மலைப்பகுதிக்குக் கூட்டாட்சிப் படைகள் போயின. பதினொரு நாள் முற்றுகையின் முடிவில் அவரது 14 வயது மகன், மனைவி, கூட்டாட்சி அதிகாரி ஒருவர் என மூவர் இறந்திருந்தனர். சொட்கன் குற்றச்சாட்டிலிருந்து அந்த மனிதர் மறு ஆண்டு விடுவிக்கப்பட்டார்.

கொன்ரெண்டர் தீர்ப்பின் பின்னும் ஒரு முடிச்சு மிஞ்சியிருந்தது. கைத்துப்பாக்கியை நீள்துப்பாக்கியாக்கியவர் மீண்டும் கைத்துப்பாக்கியாக்கலாமா? 2011 இல் பணியகம் ஆம் என்றது, கைத்துப்பாக்கியாகப் பிறந்ததாக இருந்தால். ஆனால் எந்தக் கணத்திலும் பிடங்கும் குட்டைக் குழலும் ஒன்றாகப் பூட்டியிருக்கக் கூடாது. எனவே அமெரிக்கக் கழகங்களில் மாற்றுத்தொகுதி வைத்திருப்பவர் பூட்டும்போது குழலுக்குப் பிறகே பிடங்கு, கழற்றும்போது பிடங்குக்குப் பிறகே குழல் என்ற ஒழுங்கைத் தவறவிடுவதில்லை.

அடுத்து வந்தது கைத்தாங்கி. ஒரு கையால் கனமான கைத்துப்பாக்கியைப் பிடிக்கச் சிரமப்பட்ட மாற்றுத்திறனாளியான முன்னாள் படைவீரருக்காக 2012 இல் உருவானது. முன்கையில் பட்டியால் கட்டுவது. ஆனால் தோளிலும் அண்டக் கொடுக்கலாம் என்று கண்டுபிடிக்க அமெரிக்கர்களுக்கு அதிக நாள் எடுக்கவில்லை. அதைப் பூட்டிய பல துப்பாக்கிகளைக் குட்டைக் குழல் நீள்துப்பாக்கிகளாகக் கருதும் விதியைப் பணியகம் 2023 ஜனவரியில் கொண்டுவந்தது. 2024 ஜூனில் ரெக்சாஸ் கூட்டாட்சி நீதிபதி ஒருவர் அதை இரத்துச் செய்தார். பிறகு 2025 ஜூலை 4 இல் கையொப்பமிடப்பட்ட வரவு செலவுச் சட்டமொன்று குட்டைக் குழல் துப்பாக்கிகளுக்கான 200 டொலர் வரியை 2026 ஜனவரி 1 முதல் பூச்சியமாக்கியது. வரி போனாலும் விண்ணப்பமும் கைரேகையும் பதிவும் அப்படியே இருக்கின்றன.

டன்பிளேனுக்குப் பிறகு

பிரித்தானியாவின் கோடு வேறு இடத்தில். 1996 மார்ச் 13 இல் ஸ்கொட்லாந்தின் டன்பிளேன் ஆரம்பப் பாடசாலைக்குள் ஒருவர் நுழைந்து 16 குழந்தைகளையும் ஆசிரியை ஒருவரையும் சுட்டுக் கொன்றார். அவரிடம் இருந்தவை அனுமதிப்பத்திரத்தோடு வைத்திருந்த கைத்துப்பாக்கிகள். இலக்குச் சூடுதான் அந்த அனுமதிப்பத்திரத்துக்குச் சொல்லப்பட்ட காரணம். எனவே இலக்குச் சூட்டையும் கொலையையும் தனித்தனியாகப் பேச முடியாத நிலை வந்தது. பிள்ளைகளை இழந்த பெற்றோர் முன்னின்ற இயக்கத்தின் பின்னர், 1997 இல் இரண்டு சட்டங்கள் வந்தன. முதலாவது பெரிய ரக ரவைக் கைத்துப்பாக்கிகளைத் தடுத்தது. ஆட்சி மாறியதும் வந்த இரண்டாவது சிறிய.22 ஐயும் சேர்த்தது. 160,000 க்கும் மேற்பட்ட கைத்துப்பாக்கிகள் இழப்பீட்டுக்கு ஒப்படைக்கப்பட்டன.

சட்டம் 'கைத்துப்பாக்கி' என்ற சொல்லை நம்பவில்லை. குழல் 30 சென்ரிமீற்றருக்குக் குறைவு அல்லது மொத்த நீளம் 60 சென்ரிமீற்றருக்குக் குறைவு என்றால் தடை. காற்றுத் துப்பாக்கியும் வாய்வழி மருந்திடும் பழைய வகையும் விலக்கு. அளவுநாடா இருந்தால் போதும். உடனே சிலர் அந்த அளவுக்கு மேல் ரிவோல்வர் செய்தார்கள். நீண்ட குழல், கைப்பிடியின் பின்னால் நீளத்தைக் கூட்டுவதற்கென்றே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கம்பி. பார்ப்பதற்கு ஏதோ குடையைத் தலைகீழாகப் பிடித்தது போல இருக்கும். சட்டபூர்வமானது.

பெரும்பாலான கழகத்தவர்கள் போனது வேறு வழியில். 1987 ஹங்கர்ஃபோர்ட் படுகொலைக்குப் பின் தானியங்கி மீள்நிரப்புத் துப்பாக்கிகளில் .22 தவிர்ந்தவை ஏற்கெனவே தடை. எஞ்சியது, நாம் மேலே விட்டுவந்த நெம்புகோல் துப்பாக்கி. கைத்துப்பாக்கிக் கழகங்களின் 25 மீற்றர் சூட்டுக்கூடங்களில் .357 ரவைக்கான நெம்புகோல் கார்பைன்களும் .22 கார்பைன்களும் கைத்துப்பாக்கியின் இடத்தைப் பிடித்தன. 'கலரி ரைஃபிள்' என்ற பெயரில் அது இன்று பிஸ்லியில் பெரிய போட்டிகள் நடக்கும் தனி விளையாட்டு. கௌபோய் படத்தில் பார்த்த துப்பாக்கியை ஓய்வூதியர்கள் நிதானமாக இயக்குகிறார்கள்.

2002 மன்செஸ்டர் பொதுநலவாய விளையாட்டுக்கும் 2012 லண்டன் ஒலிம்பிக்குக்கும் கைத்துப்பாக்கிப் போட்டிகளை நடத்த அரசு விசேட விலக்கு வழங்க வேண்டியிருந்தது. பிரித்தானிய அணியினர் வெளிநாடு போய்ப் பயிற்சி எடுத்தார்கள். வட அயர்லாந்துக்கு 1997 சட்டங்கள் பொருந்தவில்லை என்பது இதில் இன்னொரு வேடிக்கை. துப்பாக்கியால் மிகவும் துன்பப்பட்ட அந்தப் பகுதியில் கழகக் கைத்துப்பாக்கிச் சூடு தொடர்கிறது.

ஹரோவிலும் ரொறன்ரோவிலும் இருந்து இத்தளத்தை வாசிக்கும் உறவுகளுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. இணையக் கடைகளில் விற்கும் மாற்றுக் கூடுகள் பெரும்பாலும் அமெரிக்கச் சட்டத்தை மனதில் வைத்து விளம்பரப்படுத்தப்படுபவை. கனடாவில் 2022 ஒக்ரோபர் 21 முதல் தனியாரிடையே கைத்துப்பாக்கி விற்பனையும் கைமாற்றமும் முடக்கப்பட்டு, 2023 டிசம்பரில் அது சட்டமாகவும் ஆகிவிட்டது. "பிளாஸ்ரிக் கூடுதானே" என்ற எண்ணத்தோடு பொதியை வரவழைக்காதீர்கள்.

இலங்கையில் அடிப்படைச் சட்டம் இன்றும் 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கத் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டமே. எமது பேச்சுவழக்கில் 'விளையாட்டுத் துவக்கு' என்றால் திருவிழாக் கடையில் வாங்கும் பொட்டுவெடித் துவக்குத்தான். துப்பாக்கிச் சூட்டை ஒரு விளையாட்டாகக் குறிக்க இயல்பான சொல்லே எம்மிடம் ஊறவில்லை. குற்றச் செய்திகளிலோ 'மைக்ரோ ரகம்', 'ரிவோல்வர்', 'கல்கட்டாஸ்' எல்லாம் ஒன்றுக்கொன்று மாற்றிப் போடப்படுகின்றன. ஊடகக் கல்வி படித்தவள் என்ற முறையில் சக செய்தியாளர்களிடம் கேட்பது சிறியதுதான். கைப்பற்றப்பட்டது என்று பொலிஸார் காட்டும் பொருளின் குழல் எவ்வளவு நீளம், பிடங்கு இருக்கிறதா, ரவை எந்த வகை என்ற மூன்றையும் கேட்டு எழுதுங்கள். பாசறையிலிருந்து வந்ததா, பட்டறையில் செய்ததா என்ற அடுத்த கேள்வி அந்த மூன்றிலிருந்துதான் தொடங்கும்.